கரைத் துணி – 21: முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் குடிகாடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் என்று ஊர்கள் வருகின்றன. இந்தக் கரையோரத்தில்தான் சிப்காட் தொழிற்பேட்டை நீண்டு கிடக்கிறது. 2025 ஜூலை 8 அன்று செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் பலர் அந்த ஊரின் பெயரை முதன்முதலாகக் கேட்டது அந்தத் துயரச் செய்தியில்தான். இந்தத் தொடரில் அந்த ஊர் வருவதற்கு வேறொரு காரணம் உண்டு. அது இருக்கும் கரை, உலகத்துக்குத் துணி கொடுத்த கரை. மணற்பாங்கான இந்த நிலத்தில் விளைந்த சாயவேர்தான் சோழமண்டலத் துணியின் சிவப்பு. இன்று அதே சாலையில் துணிக்கு ரசாயனச் சாயம் ஏற்றும் ஆலைகள் இருக்கின்றன.

உலக ஆடைத் தொழிலில் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1990களில் தொடங்குகிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் சட்டைகள் ஆசியாவின் நெருக்கடியான கொட்டகைகளில் தைக்கப்படுவது வெளியே வந்தது, வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள், 1997-ல் எஸ்.ஏ.8000 என்ற சான்றிதழ் வந்தது. 1998-ல் பிரிட்டனில் நெறிசார் வணிகத்துக்கான கூட்டமைப்பு தொடங்கியது. கதை இப்படிப் போகும். இதில் பொய் இல்லை. ஆனால் இங்கிருந்து தொடங்கினால், வாங்குகிறவரின் மனசாட்சி விழித்த பிறகுதான் தொழிலாளிக்கு உரிமை என்ற ஒன்று பிறந்தது போலத் தோன்றிவிடும். கடலூரில் இருந்து பார்த்தால் காட்சி வேறு. ஆகவே 1690-க்குப் போவோம்.

அந்த ஆண்டு செப்டம்பரில், செஞ்சிக் கோட்டையில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். பேரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் சேர்த்து. கம்பெனிக்காரர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊரும், குண்டு சாலை என்ற தெருவும் கடலூரில் இன்றும் அந்த நினைவைச் சுமக்கின்றன. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இதுவே.

கம்பெனிக்கு இந்த மணல்மேடு எதற்கு? துணிக்கு. உள்நாட்டில் சேலம் வரை பரந்த நெசவூர்களில் கைக்கோளரும் தேவாங்கரும் சேணியரும் நெய்த லாங்கிளாத், சலம்பூர் வகைத் துணிகள் இங்கே வந்து சேர்ந்தன. கெடிலம் ஆற்றோரம் வெளுப்பதற்கு வசதி. வண்ணாரப்பாளையம் என்ற பெயர் கடலூரில் இன்னும் இருக்கிறது. துணியின் தரத்தைப் புஞ்சத்தில் சொல்வார்கள். ஒரு புஞ்சம் என்பது 120 பாவு நூல். அகலம் மாறாமல் புஞ்சம் கூடக் கூடத் துணி நெருக்கமாகும், விலை ஏறும். கோட்டைக் கிடங்கில் கம்பெனி ஆட்கள் ஒவ்வொரு துணியையும் விரித்து, மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தார்கள். தேறாததைத் தள்ளினார்கள் அல்லது விலை குறைத்தார்கள். உலகச் சந்தைக்கான துணியின் தரக் கட்டுப்பாடு கடலூருக்கு அன்றே பழக்கம். துணியை நெய்தவர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதற்கு அந்தக் கிடங்கில் வேலை இல்லை.

அதைப் பார்த்துக்கொள்ள நெசவாளரிடமே ஒரு கருவி இருந்தது. கம்பெனி நேராக நெசவாளரிடம் வாங்கவில்லை. நடுவில் வணிகர்கள் இருந்தார்கள். அவர்கள் நெசவூர்களுக்கு முன்பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில்தான் நெசவாளர் நூல் வாங்கினார், துணி முடியும்வரை வீட்டுக்கு நெல் வாங்கினார். இந்த முன்பணத்தின் விதிகளை ஆராய்ந்து எழுதியவர் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி. 2001-ல் வெளிவந்த அவருடைய நூலில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்திய நெசவாளர், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். வணிகர் அப்படி விலக முடியாது. பருத்தி விலை ஏறிவிட்டதா? பக்கத்தில் இன்னொருவர் கூடுதல் விலை தருகிறாரா? நெசவாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கே போகலாம். திருப்பிக் கொடுக்கக் கையில் பணம் இல்லாவிட்டால், புதிதாக வருகிற வணிகரே அதைக் கட்டிவிட்டு அவரை எடுத்துக்கொள்வதும் உண்டு.

இந்த உரிமை ஏட்டில் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். அது நடைமுறையில் நின்றதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணங்கள் இருந்தன. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர், கடலூரில் ஆங்கிலேயர், பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் என்று சுமார் நூறு கிலோமீட்டர் கரைக்குள் நான்கு கம்பெனிகள் துணிக்குப் போட்டி போட்டன. அவர்களுக்கு முன்பே தென்கிழக்காசியாவுக்குத் துணி ஏற்றிக்கொண்டிருந்த நம் வணிகர்களும் மரைக்காயர்களும் களத்தில் இருந்தார்கள். அத்தோடு, கப்பல்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கரையை விட்டுப் போயாக வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் கிடங்கில் மூட்டை சேராத வணிகருக்குத் தூக்கம் வராது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியும். இன்னும் ஒன்று: தறி என்பது கழற்றித் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள். கொடுமை மிகுந்தால் ஊரே தறியைக் கழற்றிக்கொண்டு வேறு அரசரின் எல்லைக்குப் போய்விடும். வருகிறவர்களுக்கு வரிச்சலுகை கொடுத்து நிலம் காட்ட அரசர்கள் தயாராக இருந்தார்கள். கம்பெனியே அதைச் செய்தது. 1734-ல் சென்னையில் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காகவே சின்னத்தறிப்பேட்டையை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டையை, கவர்னர் பிட் உண்டாக்கினார்.

இந்தப் படத்தைப் பொற்காலமாக வரைய எனக்கு மனம் இல்லை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் நூற்க வேண்டும். உழவர் வீடுகளிலும் சேரிகளிலும் நெசவாளர் வீடுகளிலும் இராட்டினம் சுற்றிய அந்தப் பெண்களுக்கு முன்பணம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, சந்தையில் அன்றைக்கு நூலுக்குக் கிடைத்த விலைதான் கூலி. துணி வரலாற்றில் மிகக் குறைந்த கூலி பெற்றவர்கள் அவர்கள். கம்பெனி ஆவணங்களில் நெசவாளரின் மனு இருக்கிறது, வணிகரின் முறையீடு இருக்கிறது. நூற்ற பெண்களின் குரலைத் தேடினால் கிடைப்பது மிகச் சொற்பம். பார்த்தசாரதி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவும் இல்லை. தென்னிந்திய நெசவாளரின் உண்மைக் கூலி அன்றைய இங்கிலாந்து நெசவாளரின் கூலிக்கு ஈடாக இருந்தது என்று அவர் கணக்கிட்டார். பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் அதை மறுத்து எழுதினார்கள். கூலிக் கணக்கு இன்னும் நெடுநாள் விவாதிக்கப்படும். ஆனால் முன்பணத்தின் விதி கூலிக் கணக்கைப் பொறுத்ததில்லை. அது யார் யாரை விட்டு விலகலாம் என்பதைப் பற்றியது.

இதே காலத்தில் லண்டனில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கரைத் துணி போய் இறங்க இறங்க அங்கே பட்டும் கம்பளியும் நெய்தவர்கள் வேலை இழந்தார்கள். 1697-ல் கலகம் செய்தார்கள். 1719-ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இந்தியச் சீட்டித் துணி உடுத்திப் போன பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். பாராளுமன்றம் 1700-லும் பிறகு 1721-லும் சட்டம் போட்டுச் சீட்டித் துணியைத் தடுத்தது. அந்த நெசவாளரின் கோபம் கடலூர் நெசவாளர் மீதில்லை. இவரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கத்துத் தொழிலாளரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒருவர் கூலியை ஒருவர் பாதித்தார்கள். இருவரையும் அறிந்தது நடுவில் இருந்த கம்பெனி மட்டுமே.

கடலூர் நெசவாளரின் உரிமை எப்படிப் போனது? சட்டம் போட்டு ஒரே நாளில் எடுக்கவில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1760-ல் வந்தவாசியில் அவர் தோற்றார். 1761-ல் பாண்டிச்சேரி விழுந்தது. பின்னர் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது, பழைய பலம் கிடைக்கவில்லை. ஆற்காட்டு நவாபு கம்பெனிக்குக் கடன்பட்டுக் கிடந்தார். நான்கு பேர் விலை கேட்ட இடத்தில் கட்டளையிடக்கூடிய ஒருவர் மட்டும் நின்றார். அதன்பின் வணிகர்களை விலக்கிவிட்டுக் கம்பெனி நேராக நெசவாளரைப் பிடித்தது. முச்சலிக்கா என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். கம்பெனியின் முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. வேண்டாம் என்றாலும் பணம் திணிக்கப்பட்டது. திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுத்தார்கள். தறியடியில் சேவகனை நிறுத்தினார்கள். அவனுக்கான படியையும் நெசவாளர் தலையில் கட்டினார்கள். அடியும் காவலும் வந்தன. முன்பெல்லாம் தப்பிப் போக இன்னொரு அரசரின் எல்லை இருந்தது. இப்போது எந்தப் பக்கம் போனாலும் கம்பெனியின் கை நீண்டிருந்தது. 1770கள் முதல் சோழமண்டலக் கரை நெடுக நெசவாளர்கள் தறியை விட்டெழுந்து கூடினார்கள், மனு எழுதினார்கள், சில ஊர்களில் வெளியேறினார்கள். பெரும்பாலும் தோற்றார்கள். 1801-ல் தென்னார்க்காடு முழுவதும் கம்பெனி ஆட்சிக்கு வந்தபோது, முன்பணம் என்ற சொல் அப்படியே இருந்தது. அதன் பொருள் தலைகீழாகியிருந்தது.

அடுத்த நூறு ஆண்டுகளை இந்தத் தொடரின் வேறு அத்தியாயங்களில் பார்த்திருக்கிறோம். மான்செஸ்டர் துணி வந்து கைத்தறியைத் தின்றதும், நெசவாளர்கள் மலேயாவுக்கும் மொரீஷியசுக்கும் கப்பல் ஏறியதும் தெரிந்த கதை. இங்கே ஆலைக் காலத்துக்கு வருகிறேன். கடலூரிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் பாண்டிச்சேரி. அங்கே சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். முதலாளிகள் வெளியார், சட்டம் பிரெஞ்சுச் சட்டம். ஆனால் பிரான்சுத் தொழிலாளிக்கு இருந்த சங்க உரிமை பாண்டிச்சேரித் தொழிலாளிக்கு இல்லை. பொழுது விடியுமுன் போய் இருட்டிய பிறகு திரும்பும் வேலை. பெண்களும் சிறுவர்களும் அதே நேரம்.

தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா 1934-ல் ‘சுதந்திரம்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டே சவானா ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1936 ஜூலையில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கோடையில் பிரான்சிலும் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள் உட்கார்ந்துதான் லியோன் பிளம் அரசிடமிருந்து வாரம் 40 மணி நேர வேலையையும் சம்பளத்தோடு விடுமுறையையும் வென்றார்கள். அதே கொடியின் கீழ் இருந்த பாண்டிச்சேரியில் ஜூலை 30 அன்று துப்பாக்கி வந்தது. சவானா ஆலையில் 12 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புதுச்சேரியில் அந்த நாளைத் தொழிலாளர் இயக்கத்தார் தியாகிகள் தினமாக இன்றும் அனுசரிக்கிறார்கள்.

செய்தி பாரிசுக்குப் போனது. சுப்பையா அங்கே போய் வாதாடினார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிற்சட்ட ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. எல்லைக்கு இந்தப் பக்கம், கடலூர் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவில், 1934-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நாளொன்றுக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். பெண்ணையாற்றைத் தாண்டினால் வேலை நாளில் இரண்டு மணி நேரம் கூடிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு 12 உயிர் விலை. இதை நான் சும்மா சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாளில் அது போனதற்குக் காரணம் எந்தப் பன்னாட்டு நிறுவனத்தின் நெறிமுறைப் புத்தகமும் கிடையாது. சங்கங்கள் இருந்தன, அதனால் போனது.

சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சுமங்கலித் திட்டம் சாட்சி. 2000-க்கு முன்பின்னாகக் கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு வட்டார நூற்பாலைகள் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளைத் தேடின. தரகர் ஊருக்கு வருவார். துண்டறிக்கையில் விடுதி, சாப்பாடு, டி.வி., மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தமாக 30,000 ரூபாய், 50,000 ரூபாய் என்று இருக்கும். ஊரில் இதற்குப் பெயர் ‘திட்டத்துல போறது’. ஆலைப் பக்கம் ‘கேம்ப் கூலி’. பலருக்கு வயது பதினெட்டு ஆகவில்லை. விடுதிக் கதவு பூட்டப்பட்டது. வெளியே போக, போன் பேசக் கட்டுப்பாடு. ஆர்டர் நெருக்கினால் இரண்டு ஷிப்ட். மூன்றாண்டு முடிவதற்குள் உடம்பு தாங்காமல் போனவர்களுக்கு மொத்தத் தொகை இல்லை. முடிவதற்குச் சில வாரம் முன்பு ஏதோ குற்றம் சொல்லி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையமும் அந்த நாட்டிலேயே இயங்கும் இந்தியா கமிட்டியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்த நூல் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளின் சட்டைகளுக்குப் போவதை நிறுவனப் பெயரோடு காட்டியது.

கடலூர் நெசவாளரின் முன்பணத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள். அவருக்குப் பணம் முதலில் கிடைத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம். இந்தப் பெண்ணுக்குப் பணம் கடைசியில். விலகினால் உழைத்த மாதங்களின் பணமும் போய்விடும். கம்பெனி தறியடியில் சேவகனை நிறுத்த வேண்டியிருந்தது. இங்கே பிடித்து வைத்திருக்கும் கூலியே சேவகன் வேலையைச் செய்கிறது. சட்டப்படி இது சம்பளப் பிடித்தம்; வரலாற்றின்படி இதற்குக் கொத்தடிமையின் உறவு உண்டு. நம் காலத்தில், அரசியல் சட்டம் இருக்கும் நாட்டில், பெண்ணின் கல்யாணத்தின் பேரில் இதைச் செய்தார்கள் என்பதைக் கோபம் இல்லாமல் எழுத என்னால் முடியாது.

இதெல்லாம் நடந்தபோது சோதனைக்காரர்கள் வரவில்லையா? வந்தார்கள். வெளிநாட்டு வாங்குபவர் அனுப்பும் தணிக்கையாளரைத் திருப்பூரில் ‘ஆடிட்’ என்றே சொல்வார்கள். தேதி பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். அன்றைக்குத் தீயணைப்புக் கருவி துடைக்கப்படும், முகக்கவசம் வழங்கப்படும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது சொல்லிக் கொடுக்கப்படும், வயது குறைந்தவர்களுக்கு விடுமுறை. ஆடிட் சட்டை தைக்கும் கூடம்வரை வரும். அதற்கு முந்தைய சாயப்பட்டறைக்கும் நூற்பாலைக்கும் போவது அரிது. இதன் முழு அபாயமும் 2012-ல் கராச்சியில் தெரிந்தது. செப்டம்பர் 11 அன்று அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் வெந்து செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வழிகள் பூட்டு. அந்த ஆலை மூன்று வாரத்துக்கு முன்புதான் எஸ்.ஏ.8000 சான்றிதழ் பெற்றிருந்தது. அடுத்த ஏப்ரல் 24-ல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. உள்ளே போக மாட்டோம் என்று தயங்கிய தொழிலாளர்களைச் சம்பளத்தைக் காட்டி மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லி நிற்கும் பலம் அவர்களுக்கு இருந்திருந்தால் பெரும்பாலோர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதத்தில் வந்த வங்கதேச ஒப்பந்தம் புது வகை. நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்டன, மீறினால் வழக்கு. தமிழ்நாட்டில் அதன் தொடர்ச்சி 2022-ல் வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண், தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அவர் முன்பே தொல்லையைப் பற்றிச் சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்க ஆலைக்குள் யாரும் இல்லை. அவர் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் அந்தச் சங்கம் விடாமல் போராடி, ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் போட்டது. வெளிநாட்டு ஆடை நிறுவனமான எச் அண்ட் எம் அதையொட்டித் தனியே கையெழுத்திட்டது, கேப், பி.வி.எச். நிறுவனங்கள் பின்னர் சேர்ந்தன. 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் வரம்புக்குள் வந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஏற்பாடு. ஒவ்வொரு லைனிலும் சங்கம் தேர்ந்தெடுத்த பெண் தொழிலாளி ஒருவர் கண்காணிப்பாளர். கெட்ட வார்த்தை, கைவைத்தல், டாய்லெட்டுக்கு விட மறுத்தல், எதுவானாலும் அவரிடம் சொல்லலாம். அவர் கூட்டத்தில் வைப்பார். சொன்னதற்காகப் பழிவாங்கினால் அதுவும் மீறல். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் போகும். ஆடிட்டருக்கு ஒரு நாள் தெரிவது அந்தப் பெண்ணுக்கு 300 நாளும் தெரியும். அவர் பேசியதற்குக் கூலி போகாது என்ற உறுதியும் கையில் இருக்கிறது. கடலூர் நெசவாளருக்கு அன்று நான்கு கம்பெனிப் போட்டி கொடுத்த பலத்தை, இங்கே ஒரு சிறு சங்கம் எழுத்தில் வாங்கியிருக்கிறது.

செம்மங்குப்பம் சாலைக்கும் இந்த ஆடைத் தொழிலுக்கும் தொடர்பு இருக்கிறது. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலைக் கொன்று, ஒரத்துப்பாளையம் அணையை விஷக் குட்டையாக்கியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்பது நிபந்தனை. அது செலவு பிடித்த காரியம். கடற்கரையில் சாய ஆலை வைத்தால் சுத்திகரித்த நீரைக் கடலில் விடலாம் என்ற யோசனை தொழில்துறையில் ஏற்கனவே இருந்தது. செம்மங்குப்பத்துக்குத் தெற்கே பெரியப்பட்டில் தென்னிந்திய மில்கள் சங்கத்தின் சாயத் தொழில் பூங்கா அந்த யோசனையில் வந்தது. சுற்றுவட்டார மக்களும் மீனவர்களும் எதிர்த்தார்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் தனியார் சாய ஆலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி அதிகாலையில் உடைந்து, சாய நீர் வீடுகளுக்குள் பாய்ந்து பலர் காயம்பட்டார்கள். எந்தச் சட்டையின் அட்டையிலும் குடிகாட்டின் பெயர் இருக்காது.

இந்த ஊர்க்காரர்கள் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. 2004 முதல் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் கிராமத்தவர்கள் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரம், எந்தத் திசை, என்ன நாற்றம் என்று குறித்தார்கள்; பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விஷ வாயுக்கள் இருப்பது அதில் தெரிந்த பிறகுதான், அதுவரை இல்லை என்று சொன்னவர்கள் இறங்கி வந்தார்கள். திண்டுக்கல் லைனில் நிற்கும் பெண்ணும், சிப்காட் ஓரத்தில் வாளி பிடித்த மீனவரும் செய்தது ஒரே வேலை. உலக ஆடைத் தொழிலின் தரம் உண்மையில் உயர்ந்த இடங்களைத் தேடிப் பார்த்தால் இப்படிப்பட்டவர்களின் கையில்தான் குறிப்பேடு இருந்திருக்கிறது. வாங்குகிறவர் கையில் மட்டும் அது இருந்த இடத்தில் கிடைத்தது சான்றிதழ்தான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனியும் நெசவாளரும் செய்த ஒப்பந்தத்தை 250 ஆண்டு கழித்தும் நாம் படிக்க முடிவது, கம்பெனி காகிதத்தைப் பாதுகாத்ததால். சுமங்கலித் திட்டத்தின் காகிதங்களை யாரும் பாதுகாக்கவில்லை. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ மில்லுக்குப் போய் வந்த பெண்கள் இருந்தால், தரகர் கொடுத்த துண்டறிக்கை, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விடுதி அடையாள அட்டை எது இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். படி எடுத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். அனுப்புகிறவர் பெயரையும் பெண்ணின் பெயரையும் வெளியிட மாட்டோம். நூற்ற பெண்களைப் பற்றிய அத்தியாயத்தை அவர்கள் காகிதங்களைக் கொண்டே எழுத விரும்புகிறேன்.